உள்நோக்கி நீண்ட துப்பாக்கிகள்

1872 பிப்ரவரி 8, இருட்டத் தொடங்கிய நேரம். வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானின் ஹாரியட் மலையிலிருந்து இறங்கி ஹோப்டவுன் படகுத்துறைக்கு வருகிறார். சுற்றிலும் ஆயுதக் காவல். அதையும் மீறிப் பாய்ந்த ஒரு கைதியின் கத்தி அவர் உயிரைக் குடிக்கிறது. குத்திய ஷேர் அலி அஃப்ரிதி, ஒரு காலத்தில் பஞ்சாபில் குதிரைப் போலீஸாக இருந்தவர். அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தியாவில் பேரரசின் உச்சப் பதவியில் இருந்தவரையே காக்க முடியாத அந்தக் காவல், உண்மையில் யாருக்காக இருந்தது?

கடலே மதில்

1857 எழுச்சியை அடக்கிய கையோடு, 1858 மார்ச் 10 அன்று மருத்துவர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் இறங்கினார். தலைமையிடமாக அமைந்த ராஸ் தீவு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் தேவாலயம், ரொட்டிக் கூடம், ஆணையர் மாளிகை, படை வீரர் குடியிருப்பு எல்லாம் எழுந்தன.

தீவாந்தர தண்டனைக்குச் சென்னை மாகாணமும் ஆட்களை அனுப்பியது. நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. மானாவாரி நிலமும் கரடும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டிய தண்டனை, பிறந்த மண்ணோடு உறவே அறுவதுதான்.

அங்கே காவல் நடந்த விதம் கொடுமையானது. கடலும் காடும் மதிலாயின. கைதிகளிலேயே சிலரை டிண்டால், பெட்டி ஆபீசர், ஜமேதார் என உயர்த்தி மற்றவர்களை மேய்க்க விட்டார்கள். இவர்களுக்கும் மேலே துப்பாக்கியோடு ராணுவப் போலீஸ் நின்றது. 1906-ல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில், ஏழு சிறகுகளையும் நடுவிலுள்ள கோபுரத்திலிருந்தே கண்காணித்தார்கள்.

ஒரே நாளில் சரிந்தது

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அந்தமானில் வந்திறங்கியது. காவலுக்கு இருந்த கூர்க்கா பிரிவு அதற்கு முன்பே தீவிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. மிஞ்சிய சுமார் 300 பேர் கொண்ட சீக்கியக் காவல்படை எதிர்க்கவில்லை, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அந்த வீரர்களைக் கோழைகள் என்பது அநியாயம். கைதிகளை அடக்கி வைக்க அமைத்த படை ஒரு பெரும் போர்ப்படையை எப்படித் தடுக்கும்?

விலை கொடுத்தவர்கள் தீவு மக்கள். இந்திய சுதந்திர லீக்கில் பொறுப்பேற்றிருந்த டாக்டர் திவான் சிங், ஜப்பானியரின் சித்திரவதையில் 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அதே மாதம் 30-ம் தேதி, உளவாளிகள் என்று சந்தேகித்து 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றார்கள்.

நமக்கும் பங்கு உண்டு

இது எங்கோ நடந்த தீவுக் கதை அல்ல. வைஸ்ராய்கள் போய்விட்டார்கள், அவர்கள் காலத்துச் சட்டம் போகவில்லை. இன்றும் நாமக்கல்லில் காக்கி உடுத்தும் ஒரு காவலரின் அதிகாரத்துக்கு அடிப்படை, 1859-ல் சென்னை மாகாணத்துக்கென இயற்றிய மாவட்டக் காவல் சட்டம். காவல் துறையைச் சீர்திருத்தச் சொல்லி 2006-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ல் தமிழ்நாடு ஒரு சீர்திருத்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஆனால் அந்தமான் சொல்லும் பாடம் இந்தச் சீர்திருத்தங்களைவிட ஆழமானது: மக்களைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டப் பழகிய படை, ஆபத்து வரும் நாளில் மக்களுக்கு உதவாது. குடிமகனைச் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுத்தரும் சட்டத்தை மாற்று என்று கேட்பது நம் உரிமை. அதைச் சட்டமன்றத்தில் ஒலிக்கச் செய்ய வேண்டியது நாம் தேர்ந்தெடுத்தவர்களின் கடமை.