வானில் 21 கிலோமீட்டர்

1783-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மோண்ட்கோல்பியர் சகோதரர்கள் வெப்பக்காற்றுப் பலூனைப் பறக்கவிட்டனர். சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட இலேசானது. ஆகவே பலூன் மேலெழும்புகிறது. இத்தகைய பலூனில் மிக உயரே சென்று உலக சாதனை படைத்தவர் நம் பாரத நாட்டின் விஜய்பத் சிங்கானியா ஆவார்.

1938-இல் பிறந்த இவர், ரேமண்ட் துணி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1988-இல் இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு மிகச் சிறிய விமானத்தில் பறந்து வந்தார். இந்திய விமானப்படை இவருக்குக் கௌரவ ஏர் கமடோர் பதவி அளித்துச் சிறப்பித்தது.

26-11-2005 அன்று, தம் 67-ஆவது வயதில், மும்பையிலிருந்து பலூனில் புறப்பட்டு 21,000 மீட்டருக்கும் மேலே சென்றார். பழனியில் நாம் அண்ணாந்து பார்க்கும் கொடைக்கானல் மலையைப்போல் பத்து மடங்கு உயரம்! அங்கே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் இருபதில் ஒரு பங்குதான். மூச்சுவிட இயலாது, உடற்சூட்டிலேயே நீர் கொதித்துவிடும். எனவே, உள்ளே காற்றழுத்தம் குறையாதபடி மூடப்பட்ட கூண்டில் அமர்ந்து சென்றார். பின்னர் நாசிக் மாவட்டத்தில் நலமுடன் இறங்கினார்.

துணிவு அவரை மேலே ஏற்றியது. முன்னேற்பாடே உயிருடன் கீழே இறக்கியது. தேர்வை எதிர்நோக்கும் மாணவிகளாகிய நாமும் இதனை மனத்திற் கொள்வோமாக!