காய்ச்சுதலும் வடித்தலும்

கண்ணுக்குப் புலனாகும் அழுக்கை நீக்குதல் எளிது. புலனாகா உயிர்களை நீக்குதலே அரிது. பால், பழச்சாறு, மருந்துநீர் முதலிய நீர்ப்பொருள்கள், தம்பால் வந்து விழும் நுண்ணுயிர்களுக்கு உணவும் உறைவிடமும் ஒருங்கே ஆகின்றன. அவற்றைத் தூய்மை செய்யும் முறைகள் பலவாயினும், தலையாயவை நம் இல்லங்களில் நாடோறும் வழங்கும் இரு சொற்களுள் அடங்கும். ஒன்று காய்ச்சுதல்; மற்றொன்று வடித்தல். இவ்விரண்டனையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண் காய்ச்சுதலை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய அறிஞர் ஸ்பாலன்சானி, விதைகளை ஊறவைத்த சாற்றைக் குப்பிகளிலிட்டு, வாயைத் தீயால் உருக்கி மூடி, நெடுநேரம் கொதிக்கவைப்பின் அதில் உயிர்கள் தோன்றா என்று 1765-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பிரெஞ்சு நாட்டில் தின்பண்டம் செய்து விற்றுவந்த நிக்கோலா அப்பேர் என்பார், உணவைக் கண்ணாடிச் சாடிகளில் இறுக அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டு 1810-இல் நூலாக வெளியிட்டார். அந்நாட்டு அரசாங்கத்தார் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தனர். எனினும், உணவு ஏன் கெடவில்லை என்பதன் உண்மைக் காரணத்தை அவர் அறிந்திலர். கெடுதலும் புளித்தலும் நுண்ணுயிர்களின் செயலே என்று பின்னர் நிறுவியவர் லூயி பாஸ்டர். திராட்சை மதுவைக் கொதிக்கவிடாமல், அளவாகச் சூடேற்றிக் காக்கலாம் என்றும் அவர் 1860-களிற் கண்டார்.

கொதிக்கவிடாமல் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சூடு கிருமியை மட்டுமன்றிச் சுவையையும் சத்தையும் தாக்கும். ஆதலின் பாலைச் செல்சியஸ் அளவில் 63 பாகையில் 30 நிமிடமேனும், 72 பாகையில் 15 விநாடியேனும் வைத்து, உடனே குளிரச் செய்வர். காசநோய், டைபாய்டு முதலியவற்றின் கிருமிகள் இவ்வளவில் மடியும். பாலைப் புளிக்கச் செய்யும் உயிர்கள் சில எஞ்சும். அதனாலன்றோ அப்பாலைக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்! 135 பாகைக்கு மேல் சில விநாடிகளே சூடேற்றி, தூய பெட்டியில் அடைத்த பாலோ, திறக்கும்வரை குளிர்ச்சியின்றியே திங்கள் பல நிற்கும். சூடு உயருந்தோறும் கிருமி மடியும் வேகம், சுவை கெடும் வேகத்தினும் மிகுதியாகப் பெருகுகின்றது. மிகுந்த சூடும் குறுகிய காலமும் பாலுக்கு ஏற்றவாயின காரணம் இதுவே.

நிற்க. கிருமிகளுட் சில, வன்மையான உறையொன்றைப் போர்த்து உறங்குவனபோற் கிடக்கும். கொதிநீரும் அவற்றைக் கொல்லாது. அவை விழித்து முளைக்குமாறு இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் சூடேற்றுதல் வேண்டுமென 1877-இல் கூறினார் டிண்டல். பாஸ்டரின் உடனுழைப்பாளராகிய சாம்பர்லாந்து 1879-இல் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தை அமைத்தார். அக்கலத்தினுள் சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு மிகை அழுத்தத்தில் நீராவியின் சூடு 121 பாகையாகும். அதில் 15 நிமிடம் நின்றால் உறைபோர்த்த உயிர்களும் மடியும். நோயாளியின் நரம்பிற் செலுத்தும் உப்புநீரும் குளுக்கோஸ் நீரும் இத்தகைய நீராவிச் சூட்டினாலேயே தூய்மையாக்கப்படுகின்றன.

ஆயின், சூடு பொறாத மருந்துகளை யாது செய்வது? முட்டையின் வெண்கரு சூட்டில் திரைவதுபோல, ஊனீர் மருந்துகளும் திரைந்து பயனற்றுப்போம். இவற்றிற்கு வடித்தலே வழி. சாம்பர்லாந்து 1884-இல் மெருகிடாத பீங்கானால் வடிகட்டி செய்தார். இக்காலத்தில் 0.22 மைக்ரான் அளவுள்ள துளைகளையுடைய மெல்லிய சவ்வுகள் வழங்குகின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு கூறு. அத்துளைகளில் பாக்டீரியாக்கள் தங்கிவிடும். வைரஸ்களோ பெரும்பாலும் நுழைந்து செல்லும். புகையிலைச் செடியின் நோய்ச்சாறு பீங்கானில் வடித்த பின்னும் நோய் பரப்பியதை 1892-இல் இவானோவ்ஸ்கி கண்டமையே வைரஸ் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

இனி, வியப்பானதொன்று உளது. கிருமி மடிந்த நீராலும் காய்ச்சல் வரும்! முன்னாளில், முறைப்படி தூய்மை செய்த மருந்துநீரை ஊசிவழி ஏற்றிய பின்னரும் நோயாளிகள் குளிரும் காய்ச்சலும் உற்று நடுங்கினர். வாலையில் வடித்த நீரிலும் இத்தீமை இருத்தலை ஆராய்ந்து, 1923-இல் காரணம் கண்டவர் புளோரென்ஸ் சைபர்ட் என்னும் அமெரிக்க அம்மையார். நீர் கொதிக்குங்கால் தெறிக்கும் நுண்துளிகள், கிருமிகள் விட்ட நச்சுப்பொருளை ஆவியோடு சுமந்து செல்கின்றன என அறிந்து, அத்துளிகளைத் தடுக்கும் வாலையையும் அவர் அமைத்தார். குழவிப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தாற் கால் நலிவுற்றவர் இவ்வம்மையார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நச்சுப்பொருள் சிலவகைக் கிருமிகளின் புறவோட்டைச் சேர்ந்தது. ஆட்டோகிளேவின் சூட்டுக்கும் அது எளிதில் அழியாது. கிருமியைத் தடுக்கும் சவ்விலும் நுழைந்து போம். கண்ணாடிக் கலங்களில் ஒட்டியதை நீக்க, உலர்சூட்டில் 250 பாகையளவில் 30 நிமிடம் வைப்பர். மருந்துநீருக்கோ அச்சூடு ஆகாது. எனவே தொடக்கத்திலேயே தூய நீரைக் கொள்ளுதலும், கிருமி பெருகுமுன் விரைந்து முடித்தலுமே தக்க காப்பு.

வாய்வழிச் செல்லும் உணவுக்கு இரைப்பையின் புளிப்பு ஒரு காவலாக நிற்கின்றது. நரம்பிற் புகும் நீருக்கு அத்தகைய வாயிற்காவலர் இலர். அதனைச் செய்வோரின் கருத்தூன்றிய உழைப்பே காவல். காய்ச்சுதலும் வடித்தலும் வந்த பகையை ஒழிக்கும். பகை விட்டுச்சென்ற நஞ்சை எப்பொழுதும் ஒழியா. ஆதலின், அழுக்கைச் சேரவிட்டுப் பின் காய்ச்சுதலினும் சேராமற் காத்தலே சிறந்தது என்க.