பெயர் மயக்கம்

ஓர் ஊரில் ஒரே பெயருடையார் இருவர் வாழ்வராயின், தந்தையின் பெயரையோ தெருவின் பெயரையோ சேர்த்து அவர்களைப் பிரித்தறிவது மக்கள் வழக்கம். அஞ்சற்காரர் ஐயுற்றால், அருகிலிருப்பாரைக் கேட்டுத் தெளிவார். கணிப்பொறியோ அவ்வாறு கேட்டறிய மாட்டாது.

பெரிய நிரலொன்றை ஒருவரே முழுதும் எழுதுதல் அரிது. பலர் தனித்தனியே எழுதிய பகுதிகளை இணைத்தே அதனை ஆக்குவர். அப்பகுதிகளுள், ஒருவகைப் பொருளின் இயல்பையும் செயலையும் வரையறுக்கும் உறுப்பிற்கு 'வகுப்பு' என்று பெயர். (பள்ளி வகுப்பிற்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு உறவில்லை, இச்சொல்லே பெயர் மயக்கத்திற்கு எடுத்துக்காட்டாகும்.) ஒருவரையொருவர் அறியாதார் இருவர், தத்தம் வகுப்பிற்கு ஒரே பெயரிடுதல் இயல்பே.

ஜாவா என்னும் நிரல்மொழியில் அதுவே நிகழ்ந்தது. 1996-இல் வெளிவந்த முதற் பதிப்பில், சொற்களை வரிசையாகத் திரையில் காட்டும் பெட்டிக்கு 'லிஸ்ட்' என்று பெயர். அது 'ஜாவா.ஏடபிள்யூடி' என்னும் தொகுதியைச் சேர்ந்தது. 1998-இல், பொருள்களை வரிசைப்படுத்தி வைக்கும் ஒரு புதிய வகைக்கும் 'ஜாவா.யூட்டில்' தொகுதியில் அப்பெயரையே இட்டனர். இரு தொகுதிகளையும் முழுமையாக வரவழைத்துக்கொண்டு, 'லிஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்த பழைய நிரல்கள், ஓரெழுத்தும் மாறாதிருந்தும், புதிய பதிப்பில் பிழையுடையனவாயின. நிரலைப் பொறிக்கேற்ற வடிவிற்கு மாற்றும் கம்பைலர், இரண்டனுள் எதுவெனத் துணிய இயலாது அவற்றை ஏற்க மறுத்தது. மறுத்ததே நன்று! ஒன்றை ஊகித்துக் கொண்டிருப்பின், பிழை பின்னர் எங்கோ முளைத்துப் பெருந்துன்பம் விளைத்திருக்கும்.

தீர்வு எளிது. வேண்டியதனை மட்டும் பெயர் சுட்டி வரவழைத்தால் அதுவே முற்படும். இரண்டும் வேண்டுமாயின், ஒன்றையேனும் 'ஜாவா.ஏடபிள்யூடி.லிஸ்ட்' எனத் தொகுதிப் பெயரோடு எழுதுதல் வேண்டும். தொகுதிப் பெயர்களும் மோதாதிருத்தற்பொருட்டு, நிறுவனங்கள் தமக்கேயுரிய இணையப் பெயரைத் தலைகீழாக்கித் தொகுதிப் பெயரின் முன்னே வைக்கின்றன.

முழுப்பெயரும் ஒன்றாயின் என் செய்வது? ஒரே வகுப்பின் பழைய பதிப்பை ஒரு பகுதியும் புதிய பதிப்பை மற்றொரு பகுதியும் நாடும்போது இவ்விடர் நேர்கிறது. தேடும் வழியில் முதலில் எதிர்ப்பட்டதையே ஜாவா ஏற்றுக்கொள்ளும், எச்சரிக்கையும் எழாது. புதிய பதிப்பிலுள்ள செயலைப் பழையதனிடம் வேண்டும்போதே நிரல் இடையில் நின்றுவிடும். ஆதலின், பகுதிக்கொரு தனி ஏற்றியை அமைத்து, அதன் வழியே வகுப்புகளைக் கொணர்வர். ஜாவாப் பொறி, பெயரையும் ஏற்றியையும் சேர்த்தே ஒரு வகுப்பை இன்னதென்று அறிகிறது. எனவே இரு பதிப்புகளும் மோதாமல் இயங்கும். ஆயினும், ஒன்றன் பொருளை மற்றொன்றன் இடத்தில் கொடுத்தால், பெயர் ஒன்றாயினும் இனம் வேறெனக் கொண்டு பொறி அதனை மறுத்துவிடும்.