தாமதம் அடைப்பன்று

தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி தொழிற்பூங்காக்களில் பணியில் சேர வருவோர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுவது வழக்கம். அதில் இ.சி.ஜி.யும் இடம்பெறுமாயின், எக்குறையும் உணராத இளைஞரின் தாளிலும் 'முதல்நிலை ஏ.வி. பிளாக்' என்று இயந்திரம் அச்சிட்டுவிடக்கூடும். 'பிளாக்' என்றதும் குடும்பத்தார் நினைவில் எழுவன இரத்தக்குழாய் அடைப்பும் ஆஞ்சியோவும் கைநழுவும் வேலையுமே. உண்மையில் இச்சொல் குறிப்பது அடைப்பை அன்று; மின்துடிப்பின் தாமதத்தை.

வலது மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, கீழறைகளை அடையுமுன் ஏ.வி. கணுவைக் கடக்கிறது. ஜப்பானிய அறிஞர் சுனாவோ தவாரா 1906-இல் விளக்கிய இக்கணு, துடிப்பைச் சற்றே தாமதித்து அனுப்புகிறது. மேலறைக் குருதி கீழறையில் நிரம்ப அவகாசம் வேண்டுமல்லவா? ஆகவே தாமதம் இயற்கையின் ஏற்பாடே. மேலறை தூண்டப்படுவது முதல் கீழறை தூண்டப்படுவது வரையிலான நேரம், பெரியவர்களுக்கு 0.12 முதல் 0.20 விநாடி வரை இருக்கும். அதற்கு மேல் நீண்டால் முதல்நிலை. எனினும், எந்தத் துடிப்பும் தவறுவதில்லை. யாவும் சற்றுப் பிந்திச் சேர்கின்றன.

நாடியைப் பற்றி விரிவாக எழுதிய இப்னு சீனாவின் (980–1037) விரல்களுக்கும் இத்தாமதம் அகப்பட்டிராது. சில துடிப்புகள் கீழறையைச் சேராமற்போகும் இரண்டாம் நிலையை நாடியில் உணரலாம்; 1899-இல் வென்கெபாக் அதன் ஒரு வகையை நாடி வரைவுகளைக் கொண்டே விவரித்தார். முதல்நிலையில் நாடியின் ஒழுங்கு குலையாததால், அதைக் காட்ட இ.சி.ஜி. தேவைப்படுகிறது.

கடும் உடற்பயிற்சி செய்வோரிடம் வேகஸ் நரம்பின் மிகுவலிமையால் இது காணப்படலாம். அட்டெனலால், வெராபமில், டிஜாக்சின் போன்ற மருந்துகளும் காரணமாகலாம். ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தசை அழற்சி, முதுமை ஆகியவற்றையும் மருத்துவர் கருத்திற்கொள்வார்.

அறிகுறியோ வேறு இதய நோயோ இல்லாதவருக்குப் பொதுவாகச் சிகிச்சை வேண்டுவதில்லை. அன்றாட உழைப்புக்கும் இது தடையன்று. ஆயினும் அலட்சியம் தகாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, இத்தகையோருக்கு நெடுங்காலத்தில் மேலறை நடுக்கம் என்னும் லயக்கேடு ஏறத்தாழ இரு மடங்கு நேர்வதையும், பேஸ்மேக்கர் தேவை கூடுவதையும் 2009-இல் எடுத்துரைத்தது.

எனவே, இயந்திரத்தின் வாசகத்தை முடிவாகக் கொள்ளாது, இதய மருத்துவரிடம் தாளைக் காட்டுக. அதைப் பத்திரப்படுத்துக; பின்னாளில் ஒப்பிட உதவும். புதிய மருந்து எழுதப்படும்போது இதைத் தெரிவிக்கவும். மயக்கமோ தலைச்சுற்றலோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே மருத்துவரை நாடவும். அச்சத்துக்கும் அசட்டைக்கும் இடைப்பட்ட நடுவழி இதுவே.