பளபளப்புக்கு என்ன விலை?



தோட்டத்து வேலை முடிந்து வீடு திரும்பியபின், நாலு துணி தைத்துக் கொடுத்துக் குடும்பச் செலவுக்கு உதவும் தாய்மார்கள் நம்மிடையே பலர் உண்டு. புதிய தையல் இயந்திரம் வாங்க எல்லாராலும் இயலாது. ஆகவே பழையதைத் தேடுகிறோம். அப்படி வாங்கும்போது எவ்வளவு கொடுக்கலாம் என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருவனின் தாயார், பள்ளி திறக்குமுன் சீருடை தைத்துக் கொடுக்க ஆசைப்பட்டுச் சிங்கப்பூர் சென்றார். அங்கே ஒரு பழைய சாமான் கடையில் கறுப்புச் சாயம் மின்ன, பொன்னிறப் பூவேலையோடு ஓர் இயந்திரம் நின்றது. “புதுசு மாதிரி இருக்கு பாருங்க அக்கா” என்றார் கடைக்காரர். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தார். ஒரே வாரத்தில் தையல் விட்டுவிட்டு விழத் தொடங்கியது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்தால், உள்ளே ஓடம் ஓடும் பாதை தேய்ந்து போயிருந்தது. அடிப்பலகையில் இருந்த விரிசலைப் பசை வைத்து அடைத்து, மேலே சாயம் அடித்திருந்தார்கள். சீருடைகள் தைக்கப்படவில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

அந்தத் தாயார் செய்த தவறு என்ன? கண்ணுக்கு விலை கொடுத்தார். வேலைக்கு விலை கொடுக்கவில்லை.

பழைய சிங்கர் இயந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பு. அதன்மேல் கறுப்புச் சாயமும் பொன்னிறச் சித்திரங்களும் இருக்கும். பல ஆண்டுகள் கைபட்டால் சித்திரம் மங்கும். அது குற்றமன்று, உழைத்ததற்கு அடையாளம். மங்கிய இயந்திரம் தன் நிலையை மறைப்பதில்லை. புதுச்சாயம் பூசியதோ துருப்பிடித்த குழியையும் விரிசலையும் மறைத்துக்கொள்ளக்கூடும். புதுச்சாயம் பூசிய எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் பூசினார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பழம்பொருள் சேகரிப்பவர்கள்கூடப் பழைய சாயம் அப்படியே இருப்பதற்குத்தான் அதிக விலை கொடுப்பார்கள்.

சாயம் புதிது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? திருகாணித் தலைகளில் சாயம் படிந்திருக்கிறதா, எண்ணெய் விடும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, அடிப்பலகையில் பொறித்த தொடர் எண் சாயத்தால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிங்கர் இயந்திரம் செய்யப்பட்ட ஆண்டை அந்த எண்ணைக் கொண்டு அறியலாம். ஆனால் வயது மட்டும் விலையைக் கூட்டாது. அந்தக் கம்பெனி 1851-இல் தொடங்கியது; இலட்சக்கணக்கில் செய்து விற்றது. பழையது என்பதாலேயே அரியது ஆகிவிடாது.

அடுத்து, வேலையைச் சோதிக்க வேண்டும். கைச்சக்கரத்தை நம் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். எங்கேனும் ஓரிடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்தால் எச்சரிக்கை. ஊசி பிடிக்கும் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் தேய்மானம். துணியை நகர்த்தும் பற்கள் கூராக இருக்க வேண்டும். பாபினும் அதன் கூடும் உள்ளனவா என்று பாருங்கள். கடைசியாக, கையோடு கொண்டுபோன துணியை இரண்டாக மடித்துத் தைத்து, மேலும் கீழும் தையலைப் பாருங்கள். “வீட்டுக்குப் போய்த் தைத்துப் பாருங்கள்” என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

முழுவதும் ஒரே சீராகக் கனமாகச் சுற்றினால் அஞ்ச வேண்டாம். உள்ளே காய்ந்த எண்ணெய் பசையாகியிருக்கலாம். மண்ணெண்ணெயால் கழுவி, தையல் இயந்திர எண்ணெய் விட்டால் இளகிவிடும். தேங்காயெண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். அது இயந்திரத்துக்கு ஏற்றதன்று.

இப்போது விலைக் கணக்கு. நன்றாகத் தைக்கும், சாயம் மங்கிய ஓர் இயந்திரம் வீடு வந்து சேர 200 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நாம் பார்க்கும் இயந்திரத்துக்கு பாபின் கூடு 15, வார் 10, பழுது பார்க்க 40, ஏற்றிவர 30 வெள்ளி என்றால் மொத்தம் 95. இருநூறில் அதைக் கழித்தால் 105. அதற்குமேல் ஒரு காசும் கொடுக்கலாகாது. புதுச்சாயத்துக்கு எவ்வளவு? ஒன்றுமில்லை. இவை கணக்கைக் காட்டச் சொன்ன எண்களே. சந்தை விலையை நீங்கள் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். சிங்கப்பூர் வெள்ளியில் விலை சொன்னால், நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தபின் பேசுங்கள். வார்ப்பிரும்பு இயந்திரம் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும்; ஏற்றுச் செலவை மறந்துவிடாதீர்கள்.

முன்பு பழைய சாமான் என்றாலே லிட்டில் இந்தியாவுக்கு அருகே இருந்த சுங்கை ரோடு சந்தைதான் நினைவுக்கு வரும். அது 2017 ஜூலை 10-இல் மூடப்பட்டது. இன்று கடை கடையாகத் தேட வேண்டியிருக்கிறது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனால், தேக்கா மார்க்கெட் மாடியில் தையற்கடைகள் இருக்கின்றன. நாள் முழுதும் இயந்திரத்தோடு இருப்பவர்களிடம், “அண்ணே, இதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?” என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல யோசனை கிடைக்கும்.

அந்தத் தாயார் மறுபடியும் பணம் சேர்த்தார். இம்முறை நாங்களும் உடன் போனோம். சித்திரம் தேய்ந்த, பார்வைக்கு எளிய ஒன்றைத் துணி வைத்துத் தைத்துப் பார்த்தே வாங்கினார். அது இன்றும் அவர் வீட்டில் ஓடுகிறது.

நேயர்களே, பணத்தை எடுக்குமுன் துணியை எடுங்கள். தையல் சொல்லும் விலையே சரியான விலை.