எல்லை அறியாத திமிங்கிலச் சுறா

சுறா என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்முள் பலருக்கு நெஞ்சு நடுங்கும். கூரிய பற்கள் கொண்ட கொடிய மீன் ஒன்று கண்முன் தோன்றும். ஆயின், சுறா இனத்திலேயே மிகப் பெரியதாகிய திமிங்கிலச் சுறாவோ, மனிதரைக் கண்டால் சற்றே ஒதுங்கித் தன் வழியே செல்லும் சாதுவான உயிர். உலகில் இன்று வாழும் மீன்கள் அனைத்திலும் இதுவே பெரியது. நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்தைவிட நீளமாக, 12 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. இத்துணைப் பெரிய உடலை வளர்ப்பவையோ நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும், மீன் முட்டைகளும், நெத்திலி போன்ற சிறு மீன்களுமே. வாயை அகலத் திறந்து நீரை உள்ளே வாங்கிச் செவுள்களின் வழியே வடிகட்டி இரையை மட்டும் விழுங்குகிறது.

பெயரைக் கண்டு இதனைத் திமிங்கிலம் என்று எண்ணிவிடுதல் கூடாது. திமிங்கிலம் நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. இதுவோ செவுளால் மூச்சுவிடும் மீன். மலாய் மீனவர்களும் உருவத்தைக் கருதியே இதனை ‘யூ பாவுஸ்’ என்று அழைக்கின்றனர். அதன் பொருளும் திமிங்கிலச் சுறா என்பதே.

1828ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட ஒரு மீனைக் கொண்டு ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் இவ்வினத்தை முதன்முதலாக அறிவியல் உலகிற்கு அறிவித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரையில், உலகம் முழுவதும் எழுத்தில் பதிவானவை சுமார் 320 காட்சிகளே. இவ்வளவு பெரிய மீன் கண்ணுக்குத் தப்பி வாழ்ந்தது வியப்பன்றோ? அது தனித்துத் திரிவது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஆழ்கடலில் மூழ்க வல்லது. கண்டவரும் ‘ஒரு பெரிய மீனைக் கண்டோம்’ என்றுதான் சொல்ல முடிந்தது. நேற்றுக் கண்டதும் இன்று கண்டதும் ஒரே மீனா, வெவ்வேறா என்று அறிய வழியில்லை. அது தெரியாதபோது, எத்தனை உள்ளன, எங்கே போகின்றன என்ற கேள்விகளுக்கு விடை ஏது?

விடை அம்மீனின் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது. திமிங்கிலச் சுறாவின் கருநீல முதுகில் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். நம் கைரேகையைப் போலவே, ஒரு சுறாவின் புள்ளிகள் மற்றொன்றுக்கு இரா. பால்மரம் சீவுவோர் தம் நிரையிலுள்ள ஒவ்வொரு மரத்தையும் அதன் பட்டையையும் பழைய வெட்டுத் தழும்பையும் கண்டே அறிந்துகொள்வர் அல்லவா? அதுபோன்ற அடையாளமே இதுவும். ஆயினும் ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் ஒப்பிடுவது எளிதன்று. இங்கேதான் வான நூல் கைகொடுத்தது. விண்மீன் கூட்டங்களின் படங்களை ஒப்பிடுவதற்காக வானியலார் வகுத்திருந்த கணக்கு முறை ஒன்று உண்டு. மும்மூன்று விண்மீன்களை இணைத்து முக்கோணங்கள் வரைந்து, அவற்றின் பக்க விகிதங்களை ஒப்பிடுவது அம்முறை. விண்மீனுக்குப் பதிலாக வெண்புள்ளியை வைத்தால் என்ன? கடல் ஆய்வாளர் பிராட் நார்மனும், கணினி வல்லுநர் ஜேசன் ஹோம்பெர்க்கும், வானியலாளர் சாவென் அர்சுமானியனும் அவ்வாறே செய்து, 2005ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டனர். அதனால், எவர் எடுத்த படமாயினும், செவுளுக்குப் பின்புறமுள்ள புள்ளிகள் தெளிவாக இருந்தால், அந்தச் சுறாவை மீண்டும் இனங்காண முடிகிறது.

புகைப்படம், மீன் இருந்த இடத்தைத்தான் காட்டும். சென்ற வழியைக் காட்டாது. வழியை அறியச் சுறாவின் உடலில் சிறு கருவி ஒன்றைப் பொருத்துகின்றனர். கடல்நீரினூடே வானொலி அலை செல்லாது. ஆதலால் நீருக்குள் இருக்கும்வரை அக்கருவி ஆழத்தையும், நீரின் வெப்பத்தையும், வெளிச்சத்தின் அளவையும் குறித்துவைத்துக்கொண்டே இருக்கும். குறித்த நாளில் தானே கழன்று மேலே மிதந்து வந்து, சேர்த்துவைத்ததைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். விடியலும் அந்தியும் எப்போது என்பது தெரிந்தால், நண்பகல் நேரத்தைக் கொண்டு தீர்க்கரேகையையும், பகலின் நீளத்தைக் கொண்டு அட்சரேகையையும் கணித்துவிடலாம்.

ஆனால் நம் பகுதிக் கடல்களில் இக்கணக்குச் சற்று இடறுகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கின்றன. எம்மாதமாயினும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடிகிறது என்பதை, இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று பழகிய பெற்றோர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பகலின் நீளம் மாறாதபோது, மீன் வடக்கே சென்றதா தெற்கே சென்றதா என்பதை வெளிச்சத்தை மட்டும் கொண்டு சரியாக அறிய இயலாது. அதனால் நீரின் வெப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இவ்விரு முறைகளையும் சேர்த்து நம் அண்டைக் கடலில் நடந்த ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. சபாவுக்கு வடக்கே பிலிப்பைன்சின் பலாவான் தீவு உள்ளது. அங்குள்ள ஹோண்டா விரிகுடாவில் 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 159 முறை கடலுக்குச் சென்று, 117 சுறாக்களைப் புள்ளிகளால் இனங்கண்டனர். உள்ளூர்ச் சுற்றுலாப் படகினரும் பயணிகளும் எடுத்திருந்த படங்களிலிருந்து மேலும் 66 சுறாக்கள் தெரியவந்தன. கருவி பொருத்தப்பட்ட ஒரு சுறா எல்லை தாண்டி நம் சபா கடலுக்கு வந்து, ஓராண்டுக்குள் அதே விரிகுடாவுக்குத் திரும்பிவிட்டது! இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் பொதுமக்களுள் ஒருவர் படம் எடுத்திருந்த மற்றொரு சுறா, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் அங்கே காணப்பட்டது.

இச்செய்தியில் மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பதைப் பிலிப்பைன்சு 1998ஆம் ஆண்டில் தடை செய்தது. மலேசியா 1999ஆம் ஆண்டில் அதனைப் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தோனேசியா முழுப் பாதுகாப்பு அளித்ததோ 2013ஆம் ஆண்டில்தான். அதற்கு முன், பலாவானிலிருந்து கலிமந்தானுக்கு நீந்திய ஒரு சுறா, சட்டத்தின் நிழலிலிருந்து வெளியேறிச் சென்றது என்றே பொருள். தைவானில் இதன் இறைச்சி மிருதுவாகவும் வெண்மையாகவும் இருப்பதால், சோயாக் கட்டியின் பெயரையே இதற்குச் சூட்டி விரும்பி உண்டனர். அங்கே முழுத்தடை வந்தது 2008ஆம் ஆண்டில்.

கப்பல்கள் மற்றோர் ஆபத்து. மேற்பரப்பில் மெல்ல நீந்தும் இம்மீனைப் பெருங்கப்பலின் மாலுமி காண்பதே அரிது. ஏறத்தாழ 350 சுறாக்களின் பயணங்களை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் உலக ஆய்வில், அவை நடமாடும் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பெருங்கப்பல்களின் பாதையோடு ஒன்றிக் கிடப்பது தெரியவந்தது. மலாக்கா நீரிணையும் தென்சீனக் கடலும் எத்துணைக் கப்பல்கள் செல்லும் வழிகள் என்பதை நாம் அறிவோம். அடிபட்டு இறந்த சுறா மிதப்பதில்லை, மூழ்கிவிடும். ஆகவே இழப்பைக் கணக்கெடுப்பாரும் இலர்.

இன்னுமொரு புதிர் உண்டு. ஹோண்டா விரிகுடாவில் கண்டவற்றுள் 100க்கு 96க்கு மேல் ஆண் சுறாக்கள். சராசரி நீளம் நாலரை மீட்டரே. அதாவது வளராத இளங்காளைகள். பெண் சுறாக்கள் எங்கே? 1995ஆம் ஆண்டில் தைவான் அருகே பிடிபட்ட ஒரு தாய்ச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. ஆயினும் தாய்கள் குட்டி ஈனும் இடத்தை இதுவரை எவரும் கண்டதில்லை. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிலிப்பைன்சின் சொர்சொகோன் மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு முழ நீளமே உள்ள குட்டி ஒன்று, வாலில் கயிறு கட்டப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டு, அளந்து படம் எடுத்தபின் மீண்டும் கடலில் விடப்பட்டது. அது அருகில் எங்கோ பிறந்திருக்கலாம்.

தியோமான், ரெடாங், தெங்கோல் தீவுகளின் கடலிலும் திமிங்கிலச் சுறா காணப்பட்டதுண்டு. விடுமுறையில் அங்கே செல்லும் குடும்பத்தார் என்றேனும் அதனைக் காண நேர்ந்தால், தொடாமலும் வழிமறிக்காமலும் விலகி நின்று, இடப்பக்கச் செவுளுக்குப் பின்னாலும் முன்துடுப்புக்கு மேலும் உள்ள புள்ளிகளைப் படம் எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து, கடற்பூங்கா அலுவலரிடம் கொடுக்கலாம். கலிமந்தானில் எடுக்கப்பட்ட அந்தப் படமும் இப்படி ஒருவர் எடுத்ததுதான்.