போதையிலிருந்து மீள உதவி கேட்டால் வழக்கு பாயுமா? சட்டமும் சிகிச்சையும் சொல்வது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் கடலில் பேரன் தீவு அருகே 2024 நவம்பரில் மியான்மர் மீன்பிடிப் படகை மடக்கிய இந்தியக் கடலோரக் காவல்படை, சுமார் 6,000 கிலோ மெத்தாம்ஃபெட்டமைன் போதைப்பொருளைப் பறிமுதல் செய்து 6 பேரைக் கைது செய்தது. 2019 செப்டம்பரில் கார் நிக்கோபார் அருகே 1,160 கிலோ கெட்டமைன் பிடிபட்டது.

கடத்தலைத் தடுப்பது காவல்படையின் பணி. போதைக்கு ஏற்கெனவே அடிமையானவரை மீட்பதோ மருத்துவத்தின் பணி. ஆனால், சிகிச்சைக்குச் சென்றால் வழக்கில் சிக்க நேரிடுமோ என்ற அச்சம் குடும்பங்களைத் தயங்க வைக்கிறது.

சட்டத்தின் பாதுகாப்பு

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவு இந்த அச்சத்துக்கு விடையளிக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக அவர் மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். கடத்தல், விற்பனையில் ஈடுபடுவோருக்கு இது பொருந்தாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது மற்றும் போதைப் பழக்கம் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. எனவே, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது சிகிச்சை அளிப்போரின் கடமை. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. அவ்வாறு செய்யும் மையத்தைக் குடும்பத்தினர் தவிர்க்க வேண்டும்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

முதலில் மருத்துவர் உடல், மன நிலையை மதிப்பிடுவார். அடுத்து, போதைப்பொருளை நிறுத்தும்போது தோன்றும் உபாதைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படும். நீண்டகாலம் அதிகமாக மது அருந்தியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, வீட்டில் அடைத்துவைத்து நிறுத்த முயல்வது தவறு. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானோருக்கு பியூப்ரினார்ஃபின் உள்ளிட்ட மருந்துகள் உள்ளன. மெத்தாம்ஃபெட்டமைனுக்குத் தனி மருந்து இல்லாததால், உளவியல் ஆலோசனையே முதன்மைச் சிகிச்சை. அதை நிறுத்திய நாட்களில் கடும் சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றலாம் என்பதால் உடனிருந்து கவனிப்பது அவசியம்.

மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவது இந்நோயில் இயல்பாக நேரக்கூடியதே. அதைத் தோல்வி எனக் கருதாமல் சிகிச்சையைத் தொடர வேண்டும். சில வாரங்கள் நிறுத்தியபின் பழைய அளவிலேயே ஹெராயினை எடுத்துக்கொண்டால் மரணம் நேரிடலாம்.

தீவுகளில் எங்கு அணுகுவது?

ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஜி.பி.பந்த் மருத்துவமனையே இத்தீவுகளின் முதன்மை அரசு மருத்துவமனை. கேம்ப்பெல் பே போன்ற தொலைதூரத் தீவுகளில் வசிப்போர் கடல் கடந்து வருவதற்கு முன்பே தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம். மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு ஏற்பட்டால் தாமதிக்காமல் 112-ஐ அழைக்க வேண்டும்.